பன்னிரண்டு நிமிடக் கொப்பி

மேற்கு யூட்லாண்டின் கரையோர ஊர் ஒன்றில் ஒரு மீன் பக்டரி. உடுப்பு மாற்றும் அறையிலிருந்து மீன் வெட்டும் கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு மணிக்கூடு தொங்கியது. அதன் வாய்க்குள் அட்டையை நுழைத்தால் ‘டக்’ என்று நேரத்தைப் பதித்துத் தரும். காலையில் உள்ளே போக ஒரு ‘டக்’, பின்னேரம் வெளியே வர ஒரு ‘டக்’. 1987-இன் தொடக்கத்தில் அந்த மணிக்கூட்டின் முன்னால் முதன்முதலாக நின்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. டேனிஷ் மொழியில் எனக்கு நம்பிக்கையோடு வாசிக்கத் தெரிந்தது எண்கள் மட்டும்தான்.

வேலை காலை 7 மணிக்கு. 7.03-க்கு அட்டை விழுந்தால் கால் மணிச் சம்பளம் வெட்டு. பின்னேரம் 3.18-க்கு மணி அடிக்கும். ஆனால் மீனுக்கு மணி தெரியாது. மேசையில் கிடக்கிற பெட்டியை வெட்டி முடிக்க வேண்டும். கத்தியைக் கழுவித் தீட்டி வைக்க வேண்டும். ரப்பர் ஏப்ரனைச் செதில் போகத் தேய்த்துத் தொங்கவிட வேண்டும். மேசைக்கும் நிலத்துக்கும் தண்ணீர் அடிக்க வேண்டும். எல்லாம் முடிந்து அட்டை விழும்போது 3.30 ஆகியிருக்கும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குச் சம்பளம் கிடையாது. கால் மணி முழுதாக நிறைந்தால்தான் கணக்கு என்பது விதி. பிந்தி வருகிறவனுக்கு மூன்று நிமிடமே கால் மணியாக நிறைந்துவிடும். பிந்திப் போகிறவனுக்குப் பன்னிரண்டு நிமிடமும் நிறையாது.

இன்னொரு விதியும் இருந்தது. ஓவர்டைமுக்குப் போர்மனிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். போர்மன் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார். படகுகள் பிந்தி வந்து மீன் குவிகிற நாட்களில் நாலு, நாலரை வரை நிற்போம். மாத முடிவில் சம்பளச் சீட்டில் தேடினால் அந்த நேரம் இராது. அலுவலகத்தில் கேட்டால், “அனுமதி இல்லாமல் நின்றது உங்கள் விருப்பம்” என்பார்கள். நிற்காமல் போயிருந்தால் மறுநாள் காலையில் என்ன கேட்டிருப்பார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

டேனிஷ்காரர் பலர் மணியடித்ததும் கிளம்ப முயல்வார்கள். பிள்ளையைக் கூட்டப் போக வேண்டும், அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். அது தெரிந்த போர்மன், மூன்று மணிக்குக் கிளம்பும்போதே என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்: “நீ தனி ஆள். உனக்கு வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்? நீ நில்.”

நான் தனி ஆள் இல்லை. கலியாணம் செய்து ஆறு மாதத்தில் மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவன். வேலையும் வீடும் அமைந்த பிறகு, 1987 இலையுதிர்காலத்தில் அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். அந்த ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்தில் இந்தியப் படையின் சண்டை தொடங்கியது. வீட்டில் எனக்காகக் காத்திருக்க ஆள் இல்லைத்தான். ஆனால் தபால்பெட்டிக்காக நான் காத்திருந்தேன். பெட்டி வெறுமையாகக் கிடக்கும் வீட்டுக்குப் போவதைவிட மீனோடு நிற்பது மேல் என்று எத்தனையோ நாள் நின்றேன். அதைத்தான் அவர்கள் என் விருப்பம் என்று எழுதினார்கள்.

கூட நிற்பது எனக்குப் புதிது அல்ல. 1979-இலிருந்து 1983 ஜூலை வரை கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்தேன். அங்கே மணிக்கூடு முதலாளியின் கையில் கட்டியிருந்தது. இலங்கையில் 1954-ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி என்று எழுதி வைத்திருந்தது. அதற்கு மேலே நின்றால் ஒன்றரை மடங்கு சம்பளம். அந்தச் சட்டத்தின் பெயரைக்கூட நான் அந்த நாலு வருடத்தில் கேள்விப்படவில்லை. கதவை அரைவாசி இழுத்துவிட்டு, உள்ளே லைட்டைப் போட்டுச் சேலை மடிப்போம். முதலாளி இரவுச் சாப்பாடு தருவார், அதனால் வாய் திறக்க மனம் வராது. டென்மார்க்கில் சாப்பாடு தரவில்லை, அச்சடித்த அட்டையைத் தந்தார்கள். எழுத்தில் இருக்கிற இடத்தில் அநியாயம் நடக்காது என்று நினைத்தேன். அட்டையில் 3.30 என்று தெளிவாக அச்சடித்திருக்க, சம்பளச் சீட்டு 3.18 என்று சொன்னபோதுதான் ஒரு கொப்பி வாங்கினேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பி. திகதி, மணியடித்த நேரம், அட்டை விழுந்த நேரம், ஏன் நின்றேன் என்று தமிழில் நாலு சொல். ‘பெட்டி முடியவில்லை.’ ‘படகு பிந்தியது.’ ‘போர்மன் சொன்னது.’ ஏழு மாதம் எழுதினேன். ஒருவருக்கும் காட்டவில்லை. அகதியாக வந்தவன் கணக்குக் கேட்கலாமா என்ற பயம் இருந்தது.

கொப்பியைக் கண்டுபிடித்தவர் எங்கள் டில்லிட்ஸ்மான். தொழிலாளர் பிரதிநிதிக்கு டேனிஷில் அதுதான் பெயர். நம்பிக்கைக்குரிய மனிதர் என்று பொருள். அறுபதை நெருங்கிய, கை மூட்டுகள் குளிரில் வீங்கிப்போன ஆள். இடைவேளையில் நான் எழுதுவதைப் பார்த்து என்னவென்று கேட்டார். தமிழ் அவருக்குப் புரியவில்லை, எண்கள் புரிந்தன. 3.18, 3.30. 3.18, 3.30. பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு என் பேனையை வாங்கி, கொப்பியின் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டார். பன்னிரண்டு நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள், அறுபது நிமிடம்.

“இது எங்கள் மணி” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்க ஒரு பின்னேரம் முழுவதும் பிடித்தது. நான் டென்மார்க்கில் வந்து இறங்கியது 1985 மே மாதம். அதற்குச் சில கிழமைக்கு முன், ஈஸ்டர் காலத்தில், இந்த நாடு வேலைநிறுத்தத்தில் கொதித்திருக்கிறது. தொழிலாளர்கள் கிழமைக்கு 40 மணி வேலையை 35 ஆக்கக் கேட்டார்கள். பேச்சுவார்த்தை முறிந்தது. பிரதமர் பவுல் ஷ்லூட்டரின் அரசு சட்டம் கொண்டுவந்து சம்பள உயர்வை 2 வீதத்தில் நிறுத்தி, ஒரே ஒரு மணியைக் குறைத்துத் தந்தது. 1987 முதல் 39 மணி. ஐந்து கேட்டு, தெருவில் நின்று, கிடைத்தது ஒன்று. எங்கள் பக்டரியில் மணியடிக்கும் நேரம் 3.30-இலிருந்து 3.18-க்கு நகர்ந்தது அதனால்தான். நகர்ந்தது மணி மட்டும். ஆட்கள் முந்தியமாதிரியே 3.30-க்குத்தான் வெளியேறினோம். அரசு சட்டத்தால் தந்த அந்த ஒரு மணியைப் பக்டரி நாளுக்குப் பன்னிரண்டு நிமிடமாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. நாட்டுக்குப் புதியவனான என் கொப்பியில் அது கிடந்தது.

அன்று அவர் நிறையச் சொன்னார். 1890 மே 1 அன்று கோபன்ஹேகனின் வயல்வெளியில் தொழிலாளர்கள் எட்டு மணி வேலை கேட்டுக் கூடியது. 1919-இல்தான் அது ஒப்பந்தமாகக் கிடைத்தது. நடுவில் 1899-இல், யூட்லாண்டின் ஏழு ஊர்களில் தச்சர்கள் தொடங்கிய தகராறுக்காக முதலாளிகள் நாடு முழுவதும் ஏறத்தாழ 40,000 பேரை நூறு நாள் வெளியே பூட்டி வைத்தது. அந்தப் பூட்டு செப்டம்பர் உடன்பாட்டில் திறந்தது. அதில் தொழிலாளிக்குச் சங்கம் வைக்கும் உரிமை கிடைத்தது. முதலாளிக்கு வேலையை நடத்தவும் பங்கிடவும் உரிமை கிடைத்தது. “போர்மன் உன்னை நில் என்று சொல்வது அந்த உரிமையால். சொல்லட்டும். ஆனால் நில் என்று சொன்னால் எழுத வேண்டும், எழுதினால் கட்ட வேண்டும். சொல்லாமல் நிற்க வைப்பதற்கு எந்த உடன்பாட்டிலும் இடம் இல்லை.”

கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டு அவர் சொன்ன கடைசி வார்த்தை இன்றும் எனக்குள் இருக்கிறது. “நீ மட்டும் எழுதினால் உன்னை வேகம் போதாதவன் என்பார்கள். ஏழு பேர் எழுதினால் அது கணக்கு.”

ஏழு பேர் எழுதினோம். நாலு பேர் டேனிஷ்காரர், இரண்டு பேர் தமிழர், ஒருவர் வியட்நாமியர். மூன்று மாதம் கழித்து, கழுவுகிற வேலையும் வேலை நேரத்துக்குள் வந்தது. 3.06-க்குக் கத்தியை வைக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். போன நிமிடங்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு 3.18-க்கு அட்டை விழுந்தது. டேனிஷில் வேலை முடியும் வேளைக்கு ‘ஃபியூராஃப்டன்’ என்று ஒரு சொல் உண்டு. பண்டிகைக்கு முந்திய மாலை என்ற பொருளில் பிறந்த சொல். ஒருவரையொருவர் பார்த்து நல்ல ஃபியூராஃப்டன் என்று வாழ்த்திவிட்டுத்தான் பிரிவார்கள். அதை வெளிச்சம் இருக்கும்போதே சொல்லிக்கொண்டு வெளியே வந்த முதல் நாள், கடற்கரை வரை நடந்து போய்ப் பார்த்தேன். அந்த ஊருக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் வேலைநாளில் கடலைப் பார்த்திருக்கவில்லை.

மனைவி 1989-இல் வந்தாள். ஏன் அவ்வளவு காலம் என்று எனக்குத் தெரிந்தது 1993-இல், தொலைக்காட்சியில். 1987 செப்டம்பரில் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை நகர்த்தாமல் வைத்திருக்கும்படி செய்திருக்கிறார். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடும்ப இணைவு எங்கள் உரிமை. 1989 ஜனவரியில்தான் கோப்புகள் மறுபடியும் நகர்ந்தன. நீதிபதி மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை 1993 ஜனவரி 14 அன்று ஏறத்தாழ 6,000 பக்கங்களில் வெளிவந்தது. ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995-இல் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நாலு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. செய்தி முடிந்ததும் நான் போர்மனின் வார்த்தையை நினைத்தேன். என்னைத் தனி ஆளாக வைத்திருந்தது ஒரு மேசையில் நகராமல் கிடந்த என் கோப்பு. தனி ஆள் என்பதால்தான் என்னை நிற்கச் சொன்னார்கள். அங்கே ஒரு மேசை, இங்கே ஒரு மேசை. இரண்டிலும் கிடந்தது என் நேரம்தான்.

மனைவிக்குக் கிடைத்தது கிளீனிங் வேலை. பள்ளிக்கூடங்கள், அலுவலகங்கள். அங்கே அட்டையும் இல்லை, மணிக்கூடும் இல்லை. சதுர மீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று ஒரு தாள் இருந்தது. ஐந்து மணி என்று எழுதியிருந்த கட்டடத்துக்கு, ஒப்பந்தம் கைமாறியபோது நாலு மணி என்று எழுதினார்கள். கட்டடம் சுருங்கவில்லை. பிள்ளைகள் மழைக் காலணியோடு ஏறி இறங்கிய படி அதே படிதான். அவள் ஐந்து மணி நேரம்தான் துடைத்தாள், நாலுக்குத்தான் சம்பளம் வந்தது. கேட்டபோது “உனக்கு வேகம் போதாது” என்றார்கள். எனக்கு டில்லிட்ஸ்மான் எச்சரித்த அதே சொல். இருட்டில் ஒரு கட்டடத்துக்கு ஓர் ஆளாக வேலை செய்கிறவள் ஏழு பேருக்கு எங்கே போவாள்? அவளுடைய தோள் இன்றைக்கும் கையைத் தலைக்கு மேல் தூக்கவிடாது.

பகுதிநேரப் பெண்களுக்கு இன்னொரு அடியும் உண்டு. பல இடங்களில் முழுநேர வேலையின் மணிக்கணக்கைத் தாண்டினால்தான் ஓவர்டைமின் மேலதிக வீதம். இருபது மணிக்கு ஒப்பந்தம் செய்தவள் முப்பது மணி நின்றாலும் சாதாரணச் சம்பளம்தான். ஜெர்மனியில் சிறுநீரக நோயாளரைப் பார்க்கும் பகுதிநேரப் பராமரிப்புப் பணியாளர் தொடுத்த வழக்கில், 2024 ஜூலை 29 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் இப்படிப்பட்ட விதி, தக்க காரணம் காட்டினாலன்றி, பகுதிநேரத் தொழிலாளருக்குப் பாகுபாடு என்றும், அவர்களில் பெண்களே மிக அதிகம் என்றால் பெண்களுக்கும் பாகுபாடு ஆகலாம் என்றும் தீர்ப்புச் சொன்னது. நான் அதை வாசித்துக் காட்டியபோது மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “இஞ்சருங்கோ, அதை முப்பது வரியத்துக்கு முந்திச் சொல்லியிருக்கலாம்தானே” என்று மட்டும் சொன்னாள்.

இது அப்போது. இனி இப்போது.

எங்கள் மகள் ஓர்ஹூஸ் நகரில் பொறியியலாளர். நல்ல சம்பளம், நல்ல நாற்காலி, மதியத்தில் சூடான சாப்பாடு. அவளுடைய வேலைத்தலத்தில் சுவரில் மணிக்கூடே இல்லை. 1990-இல் எட்டிய 37 மணிதான் அவள் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி: மேலதிக நேரம் சம்பளத்துக்குள் அடங்கும். முதலில் அந்த வரியை வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளை மணிக்கணக்குக்குக் கட்டுப்படாத வேலைக்குப் போகிறாள் என்று ஊருக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னேன். அந்த வரிக்குள்ளே என் பன்னிரண்டு நிமிடம் ஒளிந்திருந்ததை அன்று நான் காணவில்லை.

போன வருடம் அவள் வீட்டில் இரண்டு கிழமை நின்றபோதுதான் கண்டேன். நாலு மணிக்கு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, சமைத்து, குளிக்க வார்த்து, எட்டு மணிக்குப் படுக்க வைப்பாள். எட்டரைக்கு லாப்டொப் திறக்கும். மூடும்போது பன்னிரண்டு. காலை எட்டுக்கு மறுபடியும் திறக்கும். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தொடர்ந்து 11 மணி ஓய்வு இருக்க வேண்டும் என்பது சட்டம். அவளுக்குக் கிடைத்தது எட்டு.

“ஏன் பிள்ளை, இதுக்குக் காசு தருவினமோ?”

“முன்கூட்டியே கேட்டு அனுமதி எடுத்தால் தருவினம் அப்பா. அல்லது அவ்ஸ்பஸேரிங். ஆனால் ஆர் போய்க் கேக்கிறது? இது நானே விரும்பிச் செய்யிறதுதானே.”

அவ்ஸ்பஸேரிங் என்றால் கூட நின்ற நேரத்துக்குப் பதிலாக எடுக்கும் ஓய்வு. உலாவிக் கழிப்பது என்பதுபோல ஒரு சொல். அழகான சொல், ஆனால் அவள் உலாவப் போய் நான் பார்க்கவில்லை. எனக்கு அடித்தது அவளுடைய மற்ற இரண்டு சொற்கள்தான்: அனுமதி, விருப்பம். மூன்று மணிக்கு வீட்டுக்குப் போன போர்மன் இன்னும் திரும்பி வரவில்லை.

சட்டம் அவளுக்கு ஒரு மணிக்கூட்டைக் கொடுத்திருக்கிறது. ஸ்பெயினில் ஒரு தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில், 2019 மே 14 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், நாளாந்த வேலை நேரத்தை அளக்க முறை இல்லாவிட்டால் ஓய்வுக்கும் கிழமைக்கு 48 மணி எல்லைக்கும் பொருளில்லை என்று சொன்னது. ஐந்து வருடம் கழித்து, 2024 ஜூலை 1 முதல், டென்மார்க்கில் ஒவ்வொரு முதலாளியும் வேலை நேரத்தைப் பதிய ஒரு முறை வைத்திருக்க வேண்டும். பதிவை ஐந்து வருடம் காக்க வேண்டும். தொழிலாளி தன் பதிவைப் பார்க்க முடிய வேண்டும். நல்ல சட்டம். ஆனால் வழமையான நேரத்திலிருந்து மாறினால் மட்டும் பதிந்தால் போதும் என்றும் விடலாம். மகளின் கைப்பேசியில் ஒவ்வொரு நாளும் 7,4 என்று தானே நிற்கும். 37-ஐ ஐந்தால் வகுத்தது. அவள் ‘சரி’ என்று ஒரு தட்டுத் தட்டுவாள். எங்கள் மணிக்கூடு 3.30-ஐ அச்சடித்தது, சம்பளச் சீட்டுத்தான் மறுத்தது. இன்றைய மணிக்கூட்டில் பொய்யை அவளுடைய விரலே பதிகிறது. இது அன்றையதை விடக் கொடியது என்று நினைக்கிறேன்.

அரசே எங்கள் நேரத்தில் கை வைத்ததையும் பார்த்துவிட்டோம். 1686 முதல் இருந்துவந்த பெரும் பிரார்த்தனை நாள் என்ற விடுமுறையை, பாதுகாப்புச் செலவுக்காக 2024-இலிருந்து நீக்க 2023 பெப்ரவரி 28 அன்று சட்டம் போட்டார்கள். மாதச் சம்பளக்காரருக்கு ஈடு, சம்பளத்தில் 0,45 வீதம். அதற்கு முன், பெப்ரவரி 5 அன்று, கோபன்ஹேகனில் நாடாளுமன்றம் இருக்கும் கிறிஸ்டியன்ஸ்போர்க் முன்னால் ஐம்பதினாயிரம் பேர் திரண்டோம். நானும் பஸ்சில் போய் நின்றேன். தொழிலாளரும் முதலாளிகளும் பேசி முடிக்க வேண்டிய நாளை நாடாளுமன்றம் தானாக எடுத்தது என்பதுதான் எல்லோருடைய கோபமும். அதே வருடம் ஏப்ரல் 21 அன்று தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பி, மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923-இல். சரியாக நூறு வருடம். கோபன்ஹேகனில் நாங்கள் தோற்றோம், சென்னையில் வென்றார்கள். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: என் நாளின் கடைசி மணி யாருடையது?

மகள் வீட்டிலிருந்து திரும்பியதும் பழைய பெட்டியிலிருந்து கொப்பியை எடுத்து மகளுக்கு அனுப்பினேன். கொப்பியின் அட்டையில் இன்னும் மீன் மணம் இருப்பதாகப் போனில் சொன்னாள். அடுத்த கிழமையிலிருந்து அவள் உண்மையான நேரத்தைப் பதியத் தொடங்கினாள். 9,1. 10,3. 8,8. மூன்றாம் கிழமை மேலாளர் அழைத்தார். அன்பாகத்தான் பேசினாராம். வேலையை முக்கியத்துவப்படி ஒழுங்குபடுத்தப் பழக வேண்டும், அதற்கு ஒரு பயிற்சி வகுப்பும் இருக்கிறது என்றாராம்.

“எனக்கு வேகம் போதாதாம், அப்பா” என்றாள். குரல் உடைந்திருந்தது.

அம்மாவுக்குச் சொன்ன அதே சொல். முப்பது வருடத்துக்குப் பிறகு, படித்த பிள்ளைக்கு, மெத்தென்ற நாற்காலியில் இருத்திச் சொன்னார்கள். நான் டில்லிட்ஸ்மானைப் பற்றிச் சொன்னேன். வீங்கிய அந்த மூட்டுகளைப் பற்றி, ஏழு பேரைப் பற்றி. அவளுடைய இடத்தில் டில்லிட்ஸ்மான் இல்லை. தெரிவு செய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. இரவில் யார் யாருடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது என்று அவளுக்குத் தெரியும். “அவையும் தனித்தனியாத்தான் இருப்பினம். போய்க் கதை” என்றேன்.

போன திங்கட்கிழமை பின்னேரம் செய்தி வந்தது. “9,6. இண்டைக்கு நாங்கள் ஐந்து பேரும் எழுதினனாங்கள்.”

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஐந்து பேரைப் பற்றிக் கேட்கவில்லை. “9,6 எண்டால் எத்தினை மணி?” என்றாள். ஒன்பது மணி முப்பத்தாறு நிமிடம் என்றேன். இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“நாளைக்கும் எழுதச் சொல்லுங்கோ” என்றாள்.